பெட்டி வராத கருவி

அறுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம் நடந்தது இது. அப்போது நான் சிதம்பரத்தில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. எங்கள் வீடு கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில். வாரம் முழுக்க விடுதியில் இருந்துவிட்டு, சனிக்கிழமை பாசஞ்சர் ரயிலில் வீட்டுக்குப் போவேன். திங்கட்கிழமை காலை திரும்பிவிடுவேன்.

என் ஆராய்ச்சி கரும்பைப் பற்றியது. மண்ணில் போடுகிற பாஸ்பரஸ் உரத்தை இளம் கரும்பு எத்தனை வேகத்தில் வேரிலிருந்து இலைக்கு ஏற்றுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மண்ணுக்குள் போன உரத்தைப் பின்தொடர்ந்து போக முடியாதல்லவா? அதனால் கொஞ்சம் கதிரியக்கப் பாஸ்பரஸைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவார்கள். பிறகு வேளைக்கு ஒரு இலைத் துண்டைக் கத்தரித்து, அதிலிருந்து வெளிப்படும் கதிர்களை ஒரு கருவியில் எண்ணுவார்கள். எண்ணிக்கை ஏற ஏற, உரம் இலைக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று தெரியும்.

நெல்லிக்குப்பத்தில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு விவசாயியிடம் நல்ல கரணைகளாகப் பார்த்து வாங்கி வந்து, ஐப்பசியில் தொட்டிகளில் நட்டேன். கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டபோது ஒவ்வொரு தொட்டியாக வராந்தாவுக்குத் தூக்கி வைத்து, வெயில் வந்ததும் மறுபடி வெளியே வைத்து, பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்தேன். தை பிறந்தபோது கரும்பு என் சோதனைக்குச் சரியான பருவத்தில் நின்றது.

கருவி வெளிநாட்டு உதவியாக வந்தது. அது ஒரே பெட்டியாக இருக்கவில்லை. தனித்தனிப் பகுதிகள். கதிர் படும் குழாய்க்கு உயர் மின்னழுத்தம் கொடுக்க ஒன்று, வருகிற சின்னத் துடிப்பைப் பெரிதாக்க ஒன்று, எண்ணுவதற்கு ஒன்று என்று ஒவ்வொன்றும் ஒரு தடித்த அகராதி அளவு இருக்கும். அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல அவற்றை ஒரு இரும்புப் பெட்டிக்குள் செருக வேண்டும். கரண்ட் அந்தப் பெட்டியின் முதுகிலிருந்துதான் எல்லாவற்றுக்கும் போகும். எண்ணுகிற பகுதியிலிருந்து ஒரு கேபிள், காகித நாடாவில் ஓட்டை போடுகிற இயந்திரத்துக்குப் போகும். அந்த நாடாவைச் சென்னைக்கு எடுத்துப்போய் அங்கே இருந்த கம்ப்யூட்டரில் கொடுத்தால், பல மாதம் நான் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கை அது ஒரு மதியத்தில் போட்டுவிடும். எங்களுக்கென்று ஒரு நாளும் ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் காலத்தில் அது கிடைப்பதே பெரிய விஷயம்.

பகுதிகள் வந்தன. நாடா இயந்திரம் வந்தது. பம்பாயிலிருந்து ஈயக் குடுவைக்குள் பாஸ்பரஸும் வந்து சேர்ந்தது. பெட்டி மட்டும் வரவில்லை. சென்னைத் துறைமுகத்தில் எங்கோ கிடக்கிறது, எப்போது விடுவிப்பார்கள் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

கதிரியக்கப் பாஸ்பரஸ் காத்திருக்காது. மூடி வைத்திருந்தாலும் இரண்டு வாரத்தில் பாதியாகக் குறைந்துவிடும், அடுத்த இரண்டு வாரத்தில் அதிலும் பாதி. கரும்பும் வளர்ந்துகொண்டே போகும். என் பேராசிரியர் நல்லவர். அவர் தாடையைத் தடவிக்கொண்டே, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. உதவித்தொகை அந்த வருஷத்தோடு முடிந்தது. வீட்டிலும் ஜாதகக் கட்டு பரணிலிருந்து கீழே இறங்கிவிட்டது.

கருவியோடு வந்த குறிப்புப் புத்தகத்தை ஒருநாள் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு பகுதியின் பின்னாலும் செருகுகிற பிளக்கின் படம் கண்ணில் பட்டது. எந்த முனைக்கு எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று அதில் குறித்திருந்தார்கள். பெட்டி செய்வது அவ்வளவுதானே, அந்த முனைகளுக்கு நாமே நேராகக் கரண்ட் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. உதிரிச் சாமான்கள் இருந்த பையில் அந்தப் பகுதிகளுக்குப் பொருந்துகிற தனிப் பிளக்குகளும் இருந்தன.

பேராசிரியரிடம் போய்க் கேட்டேன்.

"செய்யணும்னா செய்மா. ஆனா அதுல ஒண்ணு எரிஞ்சாலும் மறுபடி வாங்க நம்மகிட்ட வழி கிடையாது. பதில் நீதான் சொல்லணும்" என்றார்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன். எனக்கு மின்சாரம் பற்றித் தெரிந்தது பாடப்புத்தகத்தில் இருந்த அளவுதான். இயற்பியல் துறையில் போய்க் கேட்கவும் துணிவு வரவில்லை. பி.எஸ்ஸி. படித்தபோது இயற்பியல் வகுப்பில், கரும்பலகையில் ஆசிரியர் பிளஸ் போட வேண்டிய இடத்தில் மைனஸ் போட்டுவிட்டார். எழுந்து நின்று சொன்னேன். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, முதலில் உட்கார்ந்து கேட்கக் கற்றுக்கொள், அப்புறம் பேசலாம் என்றார். வகுப்பே சிரித்தது. அவர் அந்த மைனஸைத் திருத்தவும் இல்லை. அன்றிலிருந்து எந்த ஆய்வுக்கூடத்திலும் நான் வாய் திறப்பதில்லை. தப்பு என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், அவர்களுக்குத் தெரியாததா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குனிந்துகொள்வேன். அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் படத்தை மரியாதையாகப் பார்த்துவிட்டு, இது ரேடியோ இல்லையம்மா, இதில் நான் கை வைக்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னதில் தவறில்லை.

தன் ரேடியோவுக்கு வால்வு வாங்க வந்திருந்த ஒருவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம், ஒட்ட வெட்டிய தாடி, சலவை கலையாத வெள்ளைச் சட்டை. அந்தப் படத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டார். கொடுத்தேன். பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும், பசித்தவனுக்குச் சாப்பாட்டு இலை போட்டதுபோல.

பரங்கிப்பேட்டைக்காரர். சரக்குக் கப்பலில் வயர்லெஸ் அதிகாரி. மனைவிக்குப் பிரசவ நேரம், அதற்காக விடுப்பில் வந்திருக்கிறார். மனைவி சிதம்பரத்தில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறார். "அங்க வீடு பூரா பொம்பளைங்க. எனக்கு ஒரு வேலையும் இல்ல. காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் டீ குடிக்கிறேன், அவ்வளவுதான்" என்றார். கடைக்காரரே சிரித்துவிட்டார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். இதற்கு மெயின்ஸ் கரண்டே வேண்டாம், சிதம்பரம் கரண்ட் ஏறி இறங்குவதைப் பார்த்தால் வேண்டவே வேண்டாம், நான்கு லாரி பேட்டரி போதும் என்றார். ஒரு துண்டுக் காகிதத்தில் வரைந்தும் காட்டினார். நான்கு பேட்டரிகளை வரிசையாக இணைத்து, நடு இடத்தை எர்த், அதாவது பூஜ்ய வோல்ட், என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கம் பிளஸ் பன்னிரண்டும் இருபத்துநாலும், மறுபக்கம் மைனஸ் பன்னிரண்டும் இருபத்துநாலும் கிடைத்துவிடும். குறிப்புப் புத்தகம் கேட்டது அதைத்தான். இவ்வளவு எளிதா என்று நினைத்தேன். பேட்டரிக்கு எங்கே போவது என்று கேட்டதற்கு, அவருடைய மச்சான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பேட்டரி சார்ஜ் போடும் கடைதான் வைத்திருக்கிறார் என்றார்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது, முன்பின் தெரியாதவர் என்று தயங்கினார். திங்கட்கிழமை என்னோடு ரயிலில் சிதம்பரம் வந்து, கடைக்குப் போய் இருவரிடமும் பேசிப் பார்த்துவிட்டு, பேராசிரியரையும் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்பினார். திரும்பும்போது அவர் முகத்தில் நிம்மதி இருந்தது.

மறுநாளே வேலை ஆரம்பித்தது. பேட்டரிகள் குதிரை வண்டியில் வந்து இறங்கின. கூடவே மச்சானும் வந்தார். குண்டான மனிதர். பேட்டரிகளை விட்டுப் பிரிய மனமில்லாமல், ஆய்வுக்கூட வாசல் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொன்றும் ஒரு லாரிக்காரருடையது, கேட்டு வந்தால் நான் என்ன சொல்வது என்று அடிக்கடி புலம்புவார். இருவருமே ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டதால், யார் யாரைக் கூப்பிடுகிறார் என்று எனக்கு முதல் நாள் குழப்பமாகவே இருந்தது.

வயர்லெஸ் அதிகாரி வேலை செய்ததைப் பார்ப்பதே ஒரு அழகு. அப்போதுதான் சார்ஜ் ஏற்றிய பேட்டரியை உடனே தொட மாட்டார். அதில் வோல்ட் கொஞ்சம் ஜாஸ்தி காட்டும், ஆறட்டும் என்பார். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நிறம், ஒவ்வொன்றிலும் ஒரு ஃபியூஸ். பிளக்கின் முதுகில் கோதுமை மணி அளவு இருக்கும் முனைகளில் ஈயம் வைத்துப் பற்றவைப்பார். பற்றவைத்த ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பார். நான் படத்தைப் பார்த்து முனையின் எண்ணைச் சொல்ல, அவர் எண்ணிப் பார்த்துப் பற்றவைப்பார். மதியம் தொழுகைக்குப் போய்விட்டு, வீட்டில் தகவல் ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொண்டு திரும்பி வருவார். இன்னும் இல்லை என்பார். மறுபடி குனிந்துகொள்வார்.

எண்ணுகிற பகுதியிலிருந்து நாடா இயந்திரத்துக்குப் போகும் கேபிளையும் அவரே போட்டார். அது இன்னும் நுணுக்கமான வேலை, கம்பிகளும் அதிகம். இரண்டு மூன்று நாளில் எல்லாம் முடிந்தது. மேஜைமேல் பகுதிகள் வரிசையாக நின்றன. பின்னாலிருந்து நிற நிறமாகக் கம்பிகள் இறங்கி, தரையில் பலகைமேல் வைத்திருந்த பேட்டரிகளுக்குப் போயின. ஒரே ஒரு கிளிப்பை மாட்டினால் போதும். எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே சமயத்தில் கரண்ட் போய்விடும்.

அவர் பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு, கிளிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பேட்டரிப் பக்கம் மண்டியிட்டார். மச்சான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். நான் மேஜைப் பக்கம் நின்றிருந்தேன். செய்வதற்கு எதுவும் இல்லாததால், மிச்சமிருந்த ஒரு உதிரிப் பிளக்கைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். பார்வை மட்டும் படத்தின் மேல் இருந்தது.

அந்தப் பிளக்கின் ஒரு மூலை மட்டும் சாய்வாக வெட்டியிருக்கும், தப்பாகச் செருகிவிடாமல் இருப்பதற்காக. படத்திலும் அந்த வெட்டு இருந்தது, இடது பக்க மூலையில். என் கையில் பற்றவைக்கிற முதுகுப்பக்கம் என்னைப் பார்த்து இருந்தது. அதில் வெட்டு வலது மூலையில் இருந்தது. பிளக்கைத் திருப்பி, செருகுகிற முகப்பக்கம் பார்த்தேன். இப்போது வெட்டு இடது மூலைக்கு வந்தது, படத்தில் இருப்பதுபோலவே.

அப்படியானால் படம் முகப்பக்கத்திலிருந்து பார்த்து வரைந்தது. நாங்கள் முதுகுப்பக்கத்திலிருந்து எண்ணிப் பற்றவைத்திருக்கிறோம். ரப்பர் ஸ்டாம்பில் எழுத்து திருப்பி இருப்பதுபோல, இடது வலதாகி, வலது இடதாகி, பிளஸ் போக வேண்டிய முனையில் மைனஸ் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பிளக்கில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும்.

இதைச் சொல்ல இத்தனை வரி ஆகிறது. மனதில் ஒரு நொடியில் ஓடியது. அடுத்த நொடியே பழைய பழக்கம் வந்து என் வாயைக் கட்டியது. இவர் எத்தனை வருஷமாகக் கடலில் இதே வேலை பார்க்கிறவர். இவருக்குத் தெரியாததா? நான் பார்த்ததுதான் தப்பாக இருக்கும். இப்போது போய் நிறுத்தச் சொன்னால், இத்தனை நாள் சும்மா வந்து உழைத்தவரை அவமானப்படுத்துவதுபோல ஆகாதா? வகுப்பில் கேட்ட சிரிப்பு உண்மையாகவே காதில் கேட்டது. கிளிப் பேட்டரிக்குப் பக்கத்தில் போய்விட்டது.

"சார், மாட்டாதீங்க" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்டதா என்று தெரியவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டது. கை அப்படியே நின்றது. ஏன் என்று கேட்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் கிளிப்பைப் பேட்டரியிலிருந்து தள்ளி எடுத்துப்போய் ஒரு மரக்கட்டைமேல் வைத்தார். அதற்குப் பிறகுதான் எழுந்து என் பக்கம் வந்தார்.

"எங்க, காட்டுங்க" என்றார்.

பிளக்கையும் படத்தையும் காட்டினேன். வார்த்தை கோர்வையாக வரவில்லை. ஒருவேளை நான் தப்பாகப் பார்த்திருக்கலாம் என்று நடு நடுவே சேர்த்துக்கொண்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பிளக்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கப்பலில் வருகிற படங்களில் எல்லாம் பிளக்கை முதுகுப்பக்கமாகத்தான் வரைந்திருப்பார்கள், அந்தப் பழக்கத்தில் பார்த்துவிட்டேன் என்றார். ஆனாலும் நாம் இரண்டு பேருமே ஊகிக்க வேண்டாம், உள்ளே பார்த்துவிடுவோம் என்று, எண்ணுகிற பகுதியின் பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றினார்.

உள்ளே பிளக்கிலிருந்து கிளம்பிய கம்பி ஒன்று மின்சாரத்தைத் தேக்கி வைக்கும், விரல் கனமுள்ள ஒரு கண்டென்சருக்குப் போனது. அதன் உடம்பில் பிளஸ் குறி பளிச்சென்று போட்டிருந்தது. அந்தக் கம்பி எந்த முனையிலிருந்து வருகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். நாங்கள் மைனஸ் இருபத்துநாலு பற்றவைத்திருந்த முனை.

கிளிப்பை மாட்டியிருந்தால், ஃபியூஸ் போவதற்கு முன்னாலேயே உள்ளே இருந்த டிரான்சிஸ்டர்கள் போயிருக்கும். ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது கோபம் வரும், அல்லது குறைந்தபட்சம் ஒரு எரிச்சலாவது வரும் என்று காத்திருந்தேன்.

அவர் பற்றவைக்கும் கோலை எடுத்து மறுபடி சூடேறப் போட்டார். "சரி, எல்லாத்தையும் அவுத்துடலாம்" என்றார். காலையில் எந்தக் குரலில் வணக்கம் சொன்னாரோ அதே குரல்.

மச்சானுக்குத்தான் மனசு ஆறவில்லை. "என்ன மச்சான், மூணு நாளு வேலை. அவுங்க ஒரு வார்த்தை சொன்னதும் பிரிச்சுப் போடுறீங்களே" என்றார்.

"அவுங்க சொன்னது சரியா இருக்கு மச்சான். அதான் பிரிக்கிறேன்."

கோல் சூடேறும் வரை அவர் சன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். பிறகு தானாகவே பேச ஆரம்பித்தார். முதன்முதலாகக் கப்பலில் சேர்ந்தபோது அவருக்கு மேலே ஒரு மூத்த அதிகாரி இருந்தாராம். ஆபத்து நேரத்துக்கென்று வைத்திருக்கும் பேட்டரிகளுக்கு ஒருநாள் சார்ஜ் போடக் கம்பியை மாட்டிக்கொண்டிருந்தார். மாற்றி மாட்டுகிறார் என்று பக்கத்தில் நின்ற இவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியாதா என்ன என்று நினைத்துக்கொண்டு சும்மா நின்றார். தீப்பொறி பறந்து பேட்டரி வெடித்தது. அமிலம் முகத்தில் தெறித்து, மூத்தவருக்கு ஒரு கண் போய்விட்டது.

"அவரு என்னை ஒரு வார்த்தை திட்டல. எப்படித் திட்டுவாரு? நான் பார்த்தேன்னு அவருக்குத் தெரியவே தெரியாது" என்றார். "ஆஸ்பத்திரியில நான்தான் கூட இருந்தேன். எவ்வளவு நல்ல பையன்னு எல்லார்கிட்டயும் சொன்னாரு."

மச்சான் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். அவரும் இதை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"இன்னைக்கு நீங்க சொன்னீங்கம்மா. நான் அன்னைக்குச் சொல்லல. அவ்வளவுதான் வித்தியாசம்" என்று சொல்லிவிட்டு, சூடான கோலை எடுத்துக்கொண்டு முதல் பிளக்கிடம் உட்கார்ந்தார்.

மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தோம். இந்த முறை நான் எண்ணைச் சொன்னபோது அவர் ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சரிதானா என்று கண்ணாலேயே கேட்பார். நான் பிளக்கைத் திருப்பிப் பார்த்து, சரி என்ற பிறகுதான் ஈயம் வைப்பார். அதில் கிண்டல் துளியும் இல்லை. என் வார்த்தைக்காக ஒருவர் கையில் வேலையை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மச்சானும் அதற்குப் பிறகு பேட்டரியைப் பற்றிப் புலம்பவில்லை. இரண்டு மூன்று தடவை தானே போய் எங்களுக்கு டீ வாங்கி வந்தார்.

மீண்டும் கிளிப்பை மாட்டும் வேளை வந்தபோது, முதலில் பகுதிகளைச் செருகாமல் பிளக்குகளை மட்டும் மீட்டரால் சோதித்தோம். அவர் ஒருமுறை பார்த்தார். பிறகு மீட்டரை என் கையில் கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னார். அதன் பிறகுதான் ஒவ்வொரு பகுதியாகச் செருகினோம்.

எண்ணுகிற பகுதியின் முகத்தில் ஆரஞ்சு நிறத்தில் பூஜ்யங்கள் வரிசையாக எரிந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்றார். கருவியைச் சோதிக்க முந்தின நாளே பாஸ்பரஸ் ஊற்றியிருந்த ஒரு தொட்டியிலிருந்து கத்தரித்த இலைத் துண்டை நான் இடுக்கியால் எடுத்துக் குழாய்க்கு அடியில் வைத்தேன். பூஜ்யங்கள் அசைந்தன. கடைசி எண் ஓட ஆரம்பித்தது, அதற்குப் பக்கத்து எண் மெதுவாக நகர்ந்தது. ஐப்பசியில் நான் நட்ட கரும்பு எனக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. நாடா இயந்திரம் படபடவென்று அடித்து, பொட்டுப் பொட்டாக ஓட்டைகள் விழுந்த காகிதத்தை வெளியே தள்ளியது. மச்சான் அந்த நாடாவைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இதில் என்னம்மா எழுதியிருக்கிறது என்று கேட்டார். எனக்கும் படிக்கத் தெரியாது, சென்னையில் இருக்கிற மெஷினுக்குத்தான் தெரியும் என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அடுத்த வாரத்தில் வயர்லெஸ் அதிகாரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மச்சான்தான் ஓட்டமும் நடையுமாக வந்து சொன்னார். வயர்லெஸ் அதிகாரி அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை ஆய்வுக்கூடத்துக்கு வந்து, ஒவ்வொரு கம்பியையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். விடுப்பு முடிந்து பம்பாய்க்குப் போய்க் கப்பல் ஏறிவிட்டார். நான் அவருக்குச் சரியாக நன்றி சொன்னதாகக்கூட ஞாபகம் இல்லை. நாள் முழுக்க வேளை தவறாமல் இலை கத்தரித்துக்கொண்டிருந்தேன்.

ஒதுக்கிய நாளில் நாடாச் சுருள்களோடு அப்பாவும் நானும் சென்னைக்குப் போனோம். குளிரூட்டிய அறையில் அந்த இயந்திரம் நின்றது. நாடாவை உள்ளே இழுத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் பக்கம் பக்கமாக எண்களை அச்சடித்துத் தள்ளியது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் வந்தார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

இரும்புப் பெட்டி வந்து சேர்ந்தபோது சித்திரை பிறந்துவிட்டது. பாஸ்பரஸில் அப்போது எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை.

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி முடித்துப் பேராசிரியரிடம் கொடுத்தேன். கடைசியில் நன்றி தெரிவிக்கும் இடத்தில் வயர்லெஸ் அதிகாரியின் பெயரையும், அவருடைய மச்சானின் பெயரையும் எழுதியிருந்தேன். பேராசிரியர் பேனாவால் அந்த இரண்டு பெயரையும் மெல்லக் கோடிட்டு அடித்தார். ஆராய்ச்சியாளர் இல்லாதவர்களின் பெயர் இங்கே வருவது வழக்கமில்லை, கருவி நம் துறையிலேயே இணைக்கப்பட்டது என்று எழுதினால் போதும் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முந்தைய வருஷமாக இருந்திருந்தால் நான் தலையை ஆட்டிவிட்டு வந்திருப்பேன்.

"அப்படி எழுதினா அது உண்மையில்ல சார்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பிளக்கைப் பற்றி, மரக்கட்டைமேல் வைத்த கிளிப்பைப் பற்றி எல்லாம் சொன்னேன். கப்பல் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அது எனக்குச் சொல்லப்பட்டது, என்னிடமே இருக்கட்டும் என்று தோன்றியது. பேராசிரியர் பேனாவை எடுத்து, தான் போட்ட கோட்டின் கீழே புள்ளிகள் வைத்து, அப்படியே இருக்கட்டும் என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்.

கட்டுரை அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் பேட்டரிக் கடைக்குப் போனேன். மச்சானுக்கு ஆங்கிலம் தெரியாது. எங்கே இருக்கிறது என்று கேட்டு, நான் விரல் வைத்த இடத்தில் தன் விரலையும் வைத்துப் பார்த்தார். தன் மச்சான் பெயர் எது, தன் பெயர் எது என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். அவரிடம் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லி, அதைக் கல்லாப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்தார். அந்தப் பெண் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தவழ ஆரம்பித்துவிட்டது, வீட்டில் ஒரு சாமானும் வைக்க முடியவில்லை என்று சிரித்தார். வயர்லெஸ் அதிகாரியை நான் மறுபடி பார்க்கவே இல்லை. எனக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டேன்.

அந்த ஊரிலேயே ஒரு கல்லூரியில் பல வருஷம் பாடம் நடத்தி, ஓய்வும் பெற்றுவிட்டேன். என் மாணவிகளில் யாராவது தயங்கித் தயங்கி, "மேடம், ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்தால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் பக்கம் போய் நின்றுவிடுவேன். பல தடவை அவர்கள் சொல்வது தப்பாகத்தான் இருக்கும். சில தடவை சரியாக இருக்கும். எதுவானாலும், வாயைத் திறக்க அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் தேவைப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருவர் கையை நிறுத்திவிட்டு நான் சொன்னதைக் கேட்டார் என்பதால்தான் நான் அதற்குப் பிறகு பேசுகிறவளாக ஆனேன்.